பதினாறு நட்டு

அர்லின் கத்திய கத்தலில், புடோயின் பஞ்சர் கடைக்கு எதிரே ரொட்டி வாங்க நின்றவர்கள் ரொட்டியை மறந்து திரும்பிப் பார்த்தார்கள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் குடை பிடிக்கவில்லை. தன் மல்டிகேப் வண்டியைப் பாதிச் சாலையை அடைத்தபடி நிறுத்திவிட்டு, கையில் வீல் ஸ்பேனரோடு இறங்கி வந்திருந்தாள். முழங்காலில் தோல் உரிந்த இடத்தில் ஒட்டியிருந்த துணி நனைந்து தொங்கியது.

"வெளிய வா புடோய்! டியூபுக்குள்ள தலைய விட்டுக்கிட்டா நான் போயிடுவேன்னு நெனச்சியா?"

புடோய் தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். ஈரக்கையைக் கால்சட்டையில் துடைத்தபடி எழுந்தான்.

"என்னம்மா ஆச்சு?"

"என்ன ஆச்சா? நட்டை முடுக்குன்னா முடுக்கணும். வெல்டிங்கா வைக்கச் சொன்னேன்? காத்து மெஷினை வெச்சு டர்ருன்னு ஒரு அடி அடிச்சா உன் வேலை முடிஞ்சுபோச்சு. நடுரோட்டுல நிக்கறது நான். மனாங் பாசிட்டா செத்திருந்தா நீயா வந்து குழி வெட்டுவே?"

"மெஷின்ல பாதிதான் ஏத்துவேன். கடைசி முடுக்கு கையாலதான். எங்கம்மா மேல சத்தியம்."

"செத்துப்போனவ மேல சத்தியம் பண்ணா அவ வந்தா கேக்கப்போறா?"

எதிரே யாரோ சிரித்தார்கள். புடோயின் முகம் கறுத்தது. "வேற கடை பாத்துக்க அர்லின்," என்றான் மெல்ல.

"பாத்துக்கறேன். உன் கடைக்குக் காத்தடிக்கக்கூட வரமாட்டேன். ஏய், உங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன்," என்று ரொட்டிக்காரர்கள் பக்கம் திரும்பினாள். "இவன்கிட்ட வீல் மாட்டினீங்கன்னா வீட்டுல சொல்லிட்டுக் கெளம்புங்க."

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது என்றுதான் அன்று எல்லாரும் நினைத்தார்கள்.

முந்தின நாள் நடந்தது இதுதான். மலுவாங் என்ற அந்த மலைக் கிராமத்திலிருந்து மாகாணத் தலைநகருக்குப் போகிற ஒரே வண்டி அர்லினுடையது. பழைய ஜப்பான் வண்டியின் பின்பக்கத்தை வெட்டி, கூரை போட்டு, எதிரெதிராக இரண்டு பலகை வைத்த குட்டி வண்டி. விடியலில் கீரைக்காரிகளையும் டீச்சர்களையும் ஏற்றிக்கொண்டு இறங்கும். சாயங்காலம் அரிசி மூட்டையும் கருவாடும் தீவன மூட்டையுமாக ஏறும். வாரத்துக்கு இரண்டு முறை முன் சீட்டு மனாங் பாசிட்டாவுக்கு. எதிர்வீட்டுக்காரி; மூத்தவள் என்பதால் ஊருக்கே மனாங், அதாவது அக்கா. சிறுநீரகம் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய அவளுக்கென்று ஒரு நேரம் குறித்திருக்கிறார்கள். அந்த நேரம் தவறினால் மெஷின் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

பாலத்துக்கு முந்தின வளைவில், புடோய் கடைசியாக மாட்டிக்கொடுத்த இடது பின் டயர் உட்கார்ந்துவிட்டது. தென்மேற்குக் காற்று தென்னைகளைச் சாலைப் பக்கம் வளைத்து வைத்திருந்தது. அர்லின் ஜாக்கியை வைக்குமுன் நட்டைத் தளர்த்தப் பார்த்தாள். அசையவில்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்றாள். குதித்தாள். ஸ்பேனர் நழுவி, முழங்கால் தார் ரோட்டில் தேய்ந்தது. கீரைக்காரிகள் இரண்டு பேர் சேர்ந்து ஏறினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. முன் சீட்டில் மனாங் பாசிட்டா துண்டைப் போர்த்திக்கொண்டு, "அவசரப்படாதே இந்தாய், அவசரப்படாதே பொண்ணே," என்று சொல்லிக்கொண்டே தன் கைக்கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேறு வழியில்லாமல் புருஷனுக்குப் போன் போட்டாள். பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து நெஸ்டோர் வந்து சேர்வதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வந்தவன் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கொண்டுவந்த நீள பைப்பை ஸ்பேனர் வாலில் செருகி, வலது கையால் கூரையைப் பிடித்துக்கொண்டு, காலால் ஓங்கி மிதித்தான். நட்டு கிறீச்சென்று கத்திக்கொண்டு கழன்றது. கீரைக்காரிகள் கை தட்டினார்கள். நெஸ்டோர் சிரித்தான். பக்கவாதம் வந்து இடது கை விழுந்து, அவன் ஓட்டிய வண்டி அவள் கைக்கு வந்ததிலிருந்து அவன் அப்படிச் சிரித்து அர்லின் அதிகம் பார்த்ததில்லை.

"நான் இல்லன்னா என்னடி பண்ணுவீங்க?" என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டான்.

ஆஸ்பத்திரியில் நேரம் போய்விட்டது. நாளைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அன்றிரவு முழுவதும் மனாங் பாசிட்டா படுக்க முடியாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். காலையில் அர்லின் போய்ப் பார்த்தபோது பாதம் இரண்டும் மாவு பிசைந்து வைத்தது போல வீங்கியிருந்தன. மூச்சு விசில் அடித்தது. அவளை வண்டியில் தூக்கி வைத்துக் கொண்டுபோய் மெஷினில் படுக்கவைத்து, சாயங்காலம் வீட்டில் கொண்டுவந்து விட்ட கையோடு அர்லின் போய் நின்ற இடம்தான் புடோயின் கடை.

வீட்டுக்கு வந்தபோது நெஸ்டோர் அடுப்பில் இருந்தான். இப்போதெல்லாம் சமையல் அவன்தான். துவரையும் பலாக்காயும் பன்றிக்கறியும் ஒன்றாகக் கொதித்துக்கொண்டிருந்தன. பலாக்காயை விழுந்த கையின் முட்டியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் வெட்டப் பழகியிருந்தான். நன்றாகவே சமைப்பான்.

"புடோயை நாறடிச்சிட்டியாமே?" என்றான்.

"அது போதாது அவனுக்கு." அர்லின் தலையைத் துவட்டினாள். "நான் இம்பேக்ட் ரெஞ்ச் ஒண்ணு வாங்கப்போறேன். பேட்டரில ஓடுமே, அது."

கரண்டி நின்றது.

"எதுக்கு?"

"எதுக்கா? நட்டு கழட்ட."

"மாசத்துக்கு ஒருதரம் கழட்டற நட்டுக்கு மெஷினா? நீ என்ன பட்டறையா வெச்சிருக்கே?"

"பட்டறைக்கு வாங்கறதை நானும் வாங்கல. சின்னதா, வெல கம்மியா, எப்பவாச்சும் எடுத்து ஓட்டற மாதிரி ஒண்ணு. சீட்டுக்கு அடியில கெடக்கட்டும்."

"சீட்டுக்கு அடியில நனஞ்சு பேட்டரி செத்துப்போகும். அப்ப என்ன பண்ணுவே?"

"அப்ப உன்னைக் கூப்பிடறேன்."

"இப்பக் கூப்பிட்டா என்ன கேடு?"

"மனாங்கோட காலைப் பாத்துட்டு வந்து கேளு, என்ன கேடுன்னு!"

நெஸ்டோர் கரண்டியைச் சட்டியின் விளிம்பில் ஓங்கித் தட்டினான். "நேரா சொல்லேன். என் கை செத்துப்போச்சு, அதனால கடைக்குப் போயி ஒரு கை வாங்கிட்டு வரப்போறே. அவ்வளவுதானே?"

"ஆமா, அப்படித்தான்னு வெச்சுக்க," என்றாள் அர்லின். சொன்ன பிறகு வாய் கசந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த முறை மனாங்கை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு திரும்பும்போது, மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற பெரிய இரும்புக்கடை வாசலில் அர்லின் வண்டியை நிறுத்தினாள். மனாங் பாசிட்டா முன் சீட்டில் துண்டுக்குள் சுருண்டு கிடந்தாள். மெஷினிலிருந்து இறங்கினால் அவளுக்குக் குளிர் எடுக்கும். தாகமும் எடுக்கும், ஆனால் தண்ணீர் குடிக்கக் கூடாது. ஒரு ஐஸ் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

கடைப்பையன் கெர்வின் வந்தவளைத் தாண்டி வாசலைப் பார்த்தான். "சார் வரலையா மேடம்? என்ன வண்டி வெச்சிருக்காருன்னு தெரிஞ்சா..."

"சார் வெச்சிருக்கல. நான் வெச்சிருக்கேன். அதோ நிக்குது."

அவன் சிவப்புப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தான். பெட்டிக்குள் மெஷின், இரண்டு பேட்டரி, பளபளவென்று ஒரு வரிசை சாக்கெட். மேலே பெரிய எழுத்தில் ஆயிரம் என்று போட்டிருந்தது. "இதைப் பாருங்க மேடம். முறுக்குற சக்தி ஆயிரம் நியூட்டன் மீட்டர். லாரி வீலே கழண்டு வந்துடும். ஆனா வெல பாதிதான்."

"லாரி வீலைக் கழட்டறதுன்னா இவ திருடப் போனாத்தான் உண்டு," என்று வண்டிக்குள்ளிருந்து மனாங் பாசிட்டாவின் குரல் வந்தது.

"எந்த ஊர்க் கம்பெனி இது? பேரே கேள்விப்பட்டதில்லையே."

"எல்லாம் ஒரே எடத்துலதான் மேடம் செய்யறாங்க. ஸ்டிக்கர்தான் வேற வேற."

"அப்ப ஆயிரமும் ஸ்டிக்கர்தானா? ஓட்டிக் காட்டு. என் வண்டியில."

"பெட்டி பிரிச்சா விக்க முடியாது மேடம்."

"ஓட்டாம வாங்கிட்டுப் போயி, நடுரோட்டுல நின்னுக்கிட்டு ஸ்டிக்கரைப் படிக்கவா?"

கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளியம்மா தலையைத் தூக்காமலே, "காட்டறதுக்கு வெச்சிருக்கறதை எடுத்துட்டுப் போ கெர்வின். அவ வாசல்ல நின்னு கத்தறதுக்கு முன்னாடி போ," என்றாள்.

கெர்வின் மாதிரிக்கு வைத்திருந்த இரண்டை எடுத்துக்கொண்டு வந்தான். முதலில் சிவப்பு. பின் சக்கரத்து நட்டில் வைத்து அமுக்கினான். மெஷின் அலறியது, பேட்டரி விளக்கு மினுக்கியது, சூட்டு வாடை வந்தது. நட்டு இருந்த இடத்தில் இருந்தது. "சத்தம் மட்டும் ஆயிரத்துக்கு இருக்கு," என்றாள் மனாங்.

அடுத்தது கைக்கடக்கமான ஒன்று. எல்லாரும் கேள்விப்பட்ட பேர். அந்தக் கம்பெனியின் மெஷின்களில் சின்னது. ஒரே ஒரு பேட்டரி. அர்லின் அதை வாங்கிக் கையை நீட்டித் தூக்கிப் பார்த்தாள். மணிக்கட்டு இழுக்கவில்லை. குந்தி உட்கார்ந்து தானே நட்டில் வைத்தாள். டக்டக்டக்டக் என்று இடித்தது. ரொம்ப நேரம் இடித்த பிறகு ஒரு நட்டு இளகியது. இன்னொன்றும் இளகியது. மூன்றாவது அசையவில்லை.

"இது இதுக்குப் பத்தாதா?"

கெர்வினுக்கு இப்போது விற்பனை மறந்து நட்டு மேல் கவனம் வந்துவிட்டது. "பத்தணுமே. இந்த வண்டி நட்டுக்கு இதுல பாதி போதுமே மேடம்." உள்ளே போய்ப் பட்டறைகளுக்கு விற்கிற பெரிய மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதை வைத்ததும் ஒரே உறுமலில் நட்டு கழன்றது. அர்லின் அதைத் தூக்கிப் பார்த்தாள்; தோள் வரைக்கும் இழுத்தது. விலையைக் கேட்டாள். அந்த விலைக்குக் குட்டிகளோடு ஒரு பன்றியே வாங்கிவிடலாம்.

கெர்வின் அதற்குள் முன் சக்கரத்துக்குப் போயிருந்தான். அங்கேயும் அதே கதை. அடுத்த சக்கரம், அதுவும் அதேதான். போல்ட்டின் மரையை விரலால் தடவிப் பார்த்தான்.

"மேடம், இதை யாரு இறுக்கினது?"

"எங்க ஊர்ப் பஞ்சர்க் கடைக்காரன். கையில கெடச்சான்னா..."

"எந்த வீலை?"

"பின்னாடி இடது. அதுவும் பஞ்சராகறதுக்கு முன்னாடி."

"அப்ப மத்த மூணும்?"

அர்லின் மற்ற சக்கரங்களைத் திரும்பிப் பார்த்தாள். மற்ற மூன்றையும் புடோய் தொட்டே வெகுகாலம் ஆகிறது.

"இது மெஷின் வேலை இல்ல மேடம். யாரோ பைப்பு போட்டு ஏறி மிதிச்சிருக்காங்க. தெனமும் மிதிச்ச மாதிரி இருக்கு. இங்க பாருங்க, மரை இழுத்துக்கிட்டிருக்கு. ரெண்டு போல்ட்டை மாத்தியே ஆகணும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தீங்கன்னா ஓடும்போதே ஒடிஞ்சிருக்கும்."

"நெஸ்டோர்தானே மிதிக்கறான்," என்றாள் மனாங் பாசிட்டா.

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஐஸ் துண்டை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டாள். "நீ குளிக்கப் போற நேரத்துல தெனமும் பைப்பை எடுத்துக்கிட்டு வண்டியச் சுத்தி வருவானே. நாலு வீல்லயும் ஏறி ஏறி நிப்பான். பாவம், கை போனாலும் வண்டிய எப்படிப் பாத்துக்கறான் பாருன்னு நெனச்சுக்குவேன். உனக்குத் தெரியாதா இந்தாய்?"

மனாங் பாசிட்டா அர்லினின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சக்கரத்தைப் பார்த்தாள். அவள் வாயில் ஐஸ் அசைவது நின்றது.

அர்லினுக்குக் காது இரண்டும் கொதித்தன. முதலில் நம்பக் கூடாது என்று பார்த்தாள். ஆனால் ஒவ்வொன்றாகத் தானே வந்து பொருந்தியது. வருஷ ஆரம்பத்தில் முதன்முதலாக அவளே டயர் மாற்றிக்கொண்டு வந்தாளே, அப்போது நட்டு சுலபமாகத்தான் கழன்றது. அதற்கப்புறம்தான் எல்லாம். நடுவில் ஒருதரம் மார்க்கெட் வாசலில் மாட்டிக்கொண்டபோதும் அவன்தான் பைப்போடு வந்தான். அன்றும் சிரித்தான்.

கெர்வின் நாலு சக்கரத்திலும் பதினாறு நட்டையும் தளர்த்தி, கை ஸ்பேனரால் அளவாக இறுக்கிக் கொடுத்தான். சின்ன மெஷினை அவளிடம் நீட்டினான். வைத்து அமுக்கியதும் நட்டு சொன்னபடி கேட்டது. "ஒழுங்கா இறுக்கினா இந்தச் சின்னதே தாராளம் மேடம். ஒரு பேட்டரில நாலு வீலும் கழட்டிடலாம். மாட்டும்போது மட்டும் கடைசி முடுக்கு கையால பண்ணுங்க. ஆனா..." என்று இழுத்தான். "வீட்டுல இப்படித்தான் இறுக்குவாங்கன்னா பெரிசுதான் வாங்கணும்."

"சின்னதைப் போடு."

"இறுக்கறவரு?"

"அதுக்கு உன் கடையில மெஷின் இல்ல," என்றாள் அர்லின்.

மனாங்கை வீட்டில் இறக்கிவிட்டு, வீட்டுக்குள் போகாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு புடோயின் கடைக்குப் போனாள். இரும்புக்கடையில் வாங்கிய புதுப் போல்ட் இரண்டை அவன் மேஜையில் வைத்தாள். புடோய் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

"வேற கடை பாத்துக்கறேன்னு சொன்னியே."

"தப்பு என்னுது புடோய். நீ இறுக்கல. மன்னிச்சுக்க."

"கேக்கல."

"மன்னிச்சுக்கன்னு சொன்னேன்."

"அன்னிக்கு ரொட்டிக்கடை வரைக்கும் கேட்டுச்சே. இன்னிக்கு எனக்கே கேக்கல," என்றான் புடோய். "அதுக்கப்புறம் எத்தனை பேரு என் கடையத் தாண்டிப் போறாங்க தெரியுமா? எங்கம்மாவை இழுத்தியே அர்லின். அவளை எதுக்கு இழுத்தே?"

அர்லின் நின்றாள். புடோய் இறுக்கவில்லை என்று சத்தமாகச் சொன்னால், பின்னே யார் என்று கேட்பார்கள். எதிரே அன்றைக்கு நின்ற அதே முகங்களில் பாதி இன்றும் நின்றன. அவள் சாலை நடுவுக்கு வந்தாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! புடோய் மேல தப்பே இல்ல. நான் சொன்னது பொய். அவன் அம்மாவை இழுத்ததும் என் வாய்க்கொழுப்பு. நட்டை இறுக்கினது என் புருஷன். நான் கூப்பிடணும், அவன் வரணும், அதுக்காகத் தெனமும் இறுக்கியிருக்கான். என் புருஷன் நெஸ்டோர்!"

ரொட்டிக்கடையில் யாரும் சிரிக்கவில்லை. புடோய் போல்ட்டுகளை எடுத்துக்கொண்டு போய் வண்டிக்கு அடியில் படுத்தான்.

அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. நெஸ்டோர் வாசலிலேயே நின்றான். முகம் இரத்தமாய்ச் சிவந்திருந்தது.

"நடுரோட்டுல என் மானத்தைக் கூறுகட்டி வித்துட்டு வந்தியா?"

"வித்தேன். இறுக்கினியா இல்லையா?"

"வீல் கழண்டு ஓடக் கூடாதுன்னு..."

"பொய் சொல்லாதே! வண்டி ஓட்டினவன் நீ. எவ்வளவு இறுக்கணும்னு உனக்குத் தெரியாதா? மரை இழுத்துக்கிச்சுடா. பாலத்து மேல ஒடிஞ்சிருந்தா? டீச்சருங்க, கீரைக்காரிங்க, நான், அத்தனை பேரும் ஆத்துல!"

அவன் பின்னுக்கு ஒரு எட்டு வைத்தான். போல்ட் ஒடியும் என்பதை அவன் நினைத்துப் பார்த்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"நான் வந்தேன்ல?" என்றான். "கூப்பிட்டப்ப வராம இருந்திருக்கேனா? ஒருதரம்?"

"அதுக்குத்தானா?"

"மொத தடவை நீயே டயர் மாத்திட்டு வந்தியே, சாப்பிடும்போது என்ன சொன்னே? 'இவ்வளவுதானா இது? இதுக்கா இத்தனை வருஷம் அவ்வளவு பீத்திக்கிட்டே?' சிரிச்சுக்கிட்டே சொன்னே. எனக்குச் சோறு எறங்கல."

அர்லினுக்கு அது நினைவிருந்தது. விளையாட்டாகச் சொன்னதுதான். ஒரு கணம் அவளுக்குள் ஏதோ இளகப் பார்த்தது. உடனே மனாங்கின் பாதம் கண்ணுக்கு முன்னால் வந்தது. கோபம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

"அதுக்கு என்னைத் திட்டியிருக்கணும். தட்டைத் தூக்கி என் மேல எறிஞ்சிருக்கணும். நான் தாங்கியிருப்பேன். மனாங் என்னடா பண்ணா உனக்கு? அவ நேரம் போயிடுச்சு, நீ ரோட்டுல நின்னு சிரிச்சே. போ, எதிர்வீட்டுக்குப் போயி நீயே சொல்லு."

"அவளுக்குத்தான் தெரிஞ்சுபோச்சே."

"தெரிஞ்சது வேற. நீ சொல்றது வேற."

அவன் போகவில்லை. அன்றும் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. அர்லின் அவன் சமைத்ததைத் தொடவில்லை. டவுனில் சாப்பிட்டுவிட்டு வந்தாள். மெஷினைச் சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்தாள். குளிக்கப் போகும் முன் ஸ்பேனரையும் பைப்பையும் உள்ளே வைத்து வண்டியைப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி நாள் வந்தது. மழை விட்டிருந்தது, சாலையில் சேற்றுத் தண்ணீர் தேங்கி நின்றது. மனாங் பாசிட்டா துண்டையும் சோற்றுப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு மெல்லத் தெருவைத் தாண்டி வந்தாள். நெஸ்டோர் வண்டியின் முன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். அவள் படியேற ஒவ்வொரு முறையும் அவன்தான் கை கொடுப்பான். இன்றும் நீட்டினான்.

மனாங் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நெஸ்டோர், அன்னிக்கு ராத்திரி பூரா நான் நாற்காலியில உக்காந்திருந்தேன்," என்றாள். "படுத்தா மூச்சு நின்னுடும். உன் வீட்டு வெளக்கு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. ஜன்னல் வழியா அதையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். நெஸ்டோர் முழிச்சிருக்கான், ஏதாச்சும் ஆச்சுன்னா அவனைக் கூப்பிடலாம், வந்துடுவான்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

நீட்டின கை அப்படியே நின்றது. மனாங் பாசிட்டா கதவுக் கம்பியைப் பிடித்து, தானாகவே, மூச்சு வாங்கி வாங்கி, சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு நேரே ரோட்டைப் பார்த்தாள்.

"போலாம் இந்தாய்."

அர்லின் வண்டியைக் கிளப்பினாள். நெஸ்டோர் ஜன்னல் பக்கம் வந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தான். வாய் அசைவது தெரிந்தது. எஞ்சின் சத்தத்தில் வார்த்தை கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னான். கண் கலங்கியிருந்தது.

அவள் எஞ்சினை அணைத்திருக்கலாம். அணைக்கவில்லை. மனாங்குக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.